வாங்குவோர் கேள்வி-பதில்: ஷீட் மாஸ்க் உறையைத் திருப்பிப் பாருங்கள்

திரவத்தில் ஊறிய தாளாக முகத்தில் ஒட்டி எடுக்கும் ஷீட் மாஸ்க் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கொரியா, ஜப்பான், தாய்வான் என்று மூன்று நாட்டு மாஸ்க்குகளும் எங்கள் கடைகளில் இருக்கின்றன. விலை 250 ரூபாவிலிருந்து 1,200 ரூபா வரை போகிறது. எந்த நாட்டினுடையது நல்லது?
*ஓர் ஆசிரியை, கிளிநொச்சி*

நாட்டின் பெயரைக் கொண்டு தரத்தை முடிவு செய்ய முடியாது; ஆனால் நாட்டுக்கு நாடு விற்கும் முறை வேறுபடுகிறது என்பது உண்மை. மெடிஹீல், டோனிமோலி போன்ற கொரிய மாஸ்க்குகள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனி உறையில், 20 முதல் 25 மில்லிலீற்றர் திரவத்துடன் வருகின்றன. ஜப்பானில் தினமும் பாவிப்பதற்கென்றே 32 தாள்களை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கும் வழக்கம் இருக்கிறது. லுலுலுன் அப்படிப்பட்டது, சபோரினோவின் காலை மாஸ்க்கும் அப்படிப்பட்டதுதான், அதை 60 விநாடிகளில் எடுத்துவிடலாம். தாய்வானின் மை பியூட்டி டயரி மெல்லிய தாளுக்குப் பெயர்பெற்றது. 32 தாள் பெட்டி ஒரு தாளுக்கான விலையில் மலிவாகத் தெரிந்தாலும், திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் விரல் உள்ளே போய் வருகிறது என்பதால், தினமும் தவறாமல் பாவிப்பவருக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

விலையைக் கூட்டுவதில் தாளுக்கும் பெரிய பங்கு உண்டு. சாதாரணத் தாள் பருத்தி அல்லது செயற்கை இழையை அழுத்திச் செய்தது. டென்செல் மரக்கூழிலிருந்து வருகிறது. குப்ரா என்பது பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறுநாரிலிருந்து எடுக்கப்படுவது. மெல்லியது, முகத்தில் நன்றாகப் படியும். பயோசெலுலோஸ் தாளை பக்டீரியாக்கள் நெய்கின்றன. தேங்காய்த் தண்ணீரில் அவற்றை வளர்க்கும்போது மேலே படரும் வழுவழுப்பான படலம்தான் அது. ஹைட்ரோஜெல் என்பது ஜெலி போன்ற படலம்; அது பெரும்பாலும் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு துண்டுகளாக வரும்.

இனி வன்னிக்கு வருவோம். சோளகம் வீசும் மாதங்களில், தலைக்கு மேலே காற்றாடி சுழல, சாதாரணத் தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தால் பத்து நிமிடத்திலேயே தாடை ஓரம் காய்ந்து மேலெழும்பத் தொடங்கிவிடும். உறையில் 20 நிமிடம் என்று எழுதியிருந்தாலும், தாள் காயத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். ஹைட்ரோஜெல் அவ்வளவு விரைவில் காயாது, ஆனால் வியர்வையில் வழுக்கி இறங்கும். எனக்குக் கேட்டால், நடுத்தர விலையிலுள்ள குப்ரா அல்லது டென்செல் தாளை, மாலைக் குளிப்புக்குப் பிறகு, காற்றாடியை நிறுத்திவிட்டுப் போடுவதே இங்கே பொருந்தும். 1,200 ரூபா கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு மாஸ்க்கை எடுத்து வைத்து அடுத்த நாளும் பாவிக்கலாமா?
*வவுனியா*

கூடாது. உறையில் மிஞ்சும் திரவத்தை அன்றைக்கே கழுத்திலும் கைகளிலும் பூசி முடித்துவிடுங்கள்.

மகள் கேட்டாள் என்று ஆறு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். போட்ட அன்றே கன்னம் சிவந்து எரிந்தது. விலைச் சீட்டை உரித்துப் பார்த்தால் கீழே ஒரு திகதி. அது போன வருடத்தது. கடைக்காரர், அது தயாரித்த திகதி என்கிறார். நான் படிப்பறிவு குறைந்தவள், என்ன செய்வது?
*ஒரு தாய், முல்லைத்தீவு*

அம்மா, இதில் உங்கள் படிப்பறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. திகதியின் மேல் சீட்டை ஒட்டியவர்தான் தவறு செய்தவர். இந்த விடயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு புறக்கோட்டையில் ஒரு கடையில், பத்து மாஸ்க்கை ஐந்தின் விலைக்குத் தருகிறோம் என்றார்கள். நானும் வாங்கி வந்தேன். எல்லா உறைகளிலும் விலைச் சீட்டு ஒரே மூலையில், ஒரே சரிவில் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டில் கேத்தல் ஆவியில் காட்டி ஒன்றை உரித்தேன். கீழே இருந்த திகதி முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. உறையை வெட்டியபோது திரவம் மஞ்சளாகி, தாளின் மடிப்பில் பழுப்புக் கறை படிந்திருந்தது. பத்தையும் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து, சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

கொரிய உறைகளில் திகதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். அதன் அருகே இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை ‘காஜி’ என்றால் ‘வரை’ என்று பொருள்; அது காலாவதித் திகதி. ‘ஜேஜோ’ என்றால் தயாரித்த திகதி. எழுத்துத் தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்: நம்முடைய ‘ட’ எழுத்தைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற மூலை இரண்டு அருகருகே நின்றால் அது ‘காஜி’. உங்கள் உறையை எடுத்து இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மூலைகள் இருந்தால் கடைக்காரர் சொன்னது பொய். ஜப்பானியப் பொருட்களில், திறக்காமல் மூன்று ஆண்டுக்கு மேல் கெடாதவற்றுக்குத் திகதி அச்சிட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே திகதி இல்லாத ஜப்பானிய உறை கடையில் எத்தனை காலம் கிடந்தது என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. சரக்கு விரைவாக விற்றுத் தீரும் கடையில் மட்டும் அதை வாங்குங்கள். ஏ9 வீதியோரக் கடை முகப்பில், வெயில் படும் கண்ணாடிக்குள் மாதக்கணக்கில் தொங்குகின்றவற்றை, திகதி மிச்சமிருந்தாலும் வாங்க வேண்டாம்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளின் லேபலை அகற்றுவதும் மாற்றுவதும் அழிப்பதும் குற்றம். குறித்த விலைக்கு மேல் விற்பதும் குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். மீதி ஐந்து உறைகளையும், உரித்த சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபை அலுவலகத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். எரிவு இன்னும் நிற்கவில்லையென்றால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

பாதி விலை என்று நாற்பது மாஸ்க் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் காலாவதியாகிறது. உறைபெட்டியில் வைத்தால் நீடிக்குமா?
*மாங்குளம்*

நீடிக்காது. உறைய வைத்தால் திரவம் பிரிந்து கெட்டுப்போகக் கூடும், திகதி தள்ளிப்போகாது. பாதி விலைக்குக் காரணம் அந்தத் திகதிதான் என்பதை வாங்கும்போதே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வாங்கியதற்கு நான் என்ன மருந்து சொல்வது? திகதிக்குள் உறவுக்காரருக்குக் கொடுங்கள், திகதியைச் சொல்லிக் கொடுங்கள்.

தங்கச்சிக்கு அடுத்த கிழமை கலியாணம். ‘வெண்மை’ மாஸ்க் தினமும் போட்டால் ஒரு கிழமையில் நிறம் வருமா? இதுவரை அவள் எதுவும் பாவித்ததில்லை.
*புதுக்குடியிருப்பு*

வராது. கொரியாவில் நிறத்தைச் சீராக்கும் பொருள் என்று அங்கீகாரம் பெறும் மாஸ்க்குகளில் பெரும்பாலும் நியாசினமைட் என்ற விற்றமின் பி3 வகை 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். அது கரும்புள்ளிகளைப் பல கிழமைகளில் சற்று மங்கச் செய்யலாம், பிறந்த நிறத்தை மாற்றாது. ஒரு கிழமையில் வெளுப்பாக்கும் என்று பெயர் விபரமில்லாத கிறீமை யாராவது தந்தால் தொடவே வேண்டாம்; அப்படிப்பட்டவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். புதிதாக எதையும் முகத்தில் பரீட்சிப்பதற்குக் கலியாணக் கிழமை ஏற்ற காலமில்லை. எதையாவது போட்டே ஆக வேண்டுமென்றால், வாசனை சேர்க்காத சாதாரண ஈரப்பத மாஸ்க்கின் திரவத்தை இன்றிரவே காதுக்குப் பின்னால் தடவி, ஒரு நாள் முழுவதும் பொறுத்துப் பாருங்கள். உங்கள் தங்கச்சி இருக்கிற நிறத்திலேயே மணவறையில் அழகாக இருப்பாள்.

போட்டபடியே நித்திரை கொள்ளலாமா?
*மன்னார்*

வேண்டாம். விடியும்போது தாள் காய்ந்து தோலில் ஒட்டியிருக்கும்.

‘சிகா’ என்று எழுதிய மாஸ்க்குக்கு மற்றவற்றை விட 200 ரூபா கூட. அது என்ன பொருள்? ஜின்செங் மாஸ்க்கும் அப்படியே விலை கூட. இரண்டும் அவ்வளவு பெறுமா?
*ஒரு தாதி, நெடுங்கேணி*

சிகா என்பது வல்லாரை. நீங்கள் சம்பல் போட்டுச் சோற்றோடு சாப்பிடும் அதே வல்லாரையின் சாறும், அதிலிருந்து பிரித்தெடுத்த மடேகசோசைட் போன்ற பொருட்களும்தான். எரிச்சலுள்ள தோலை ஆற்றுவதற்கு அவை பயன்படுகின்றன. சிவந்துபோகும் தோலுக்கு அது பொருத்தமான தெரிவு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையென்றால் 200 ரூபாவைக் கையில் வைத்திருங்கள்.

ஆனால் பெயர் உறையின் முன்னால் இருப்பது போதாது. உள்ளடக்கப் பட்டியலில் அதிகமாக உள்ளது முதலிலும், குறைவானது பின்னாலும் எழுதப்படும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பினொக்சிஎத்தனோல் என்ற கெடாப் பொருள் ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் ஒரு சதவீதத்தைத் தாண்டாதவை என்று கொள்ளலாம். சென்ற கிழமை நான் கையில் எடுத்த ஒரு ஜின்செங் மாஸ்க்கின் முன்பக்கம் முழுவதும் கிழங்கின் படம். பின்பக்கத்தில் ஜின்செங் பினொக்சிஎத்தனோலுக்குப் பின்னால், வாசனைப் பொருளுக்கு முந்திய இடத்தில் நின்றது. அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பட்டியலின் எழுத்து மிகப் பொடியாக இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்; கடைக்காரர் முகம் சுளித்தாலும் முழுவதும் வாசித்து முடித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.