விடிய நாலு மணிக்கு எழும்பத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: "ஆசை இருக்கிறது, ஆரம்பிக்கிறேன், நாலு நாளில் விட்டுவிடுகிறேன்." ஐந்தைத் தெரிந்தெடுத்துச் சுருக்கித் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் டபிள்யூ (சித்தியில்லை). நுவரெலியா டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறேன், காலை எட்டரை முதல் இரவு ஏழு வரை. திரும்ப எழுதலாம் என்று விடிய நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். மூன்று நாள் எழும்பினேன். இப்போது அலாரத்தை அமத்திவிட்டுப் படுத்துவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா? – நானுஓயா வாசகர்

பதில்: தம்பி, மன உறுதியை விடுங்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். பதினொரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்பினால் ஐந்து மணித்தியாலத் தூக்கம். மூன்று நாள் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். அதுவும் தை, மாசியில் புல்லில் பனி உறைகிற ஊரில், கம்பளிக்குள்ளிருந்து வெளியே வர அலாரம் மட்டும் போதாது. விடியற்காலைப் படிப்பு எட்டு மணிக்குப் படுக்கிறவருக்குச் சரி. உங்களுக்கு அது பொருந்தாது.

நாளில் ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் படிப்பைக் கட்டுங்கள். "தினமும் படிப்பேன்" என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: "வேலையால் வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கீழே வைத்ததும், கணிதக் கொப்பியைத் திறந்து மூன்று கணக்குச் செய்வேன்." ஜேர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடித்தார்கள். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதுதான் தெரிந்தது. காரணம் எளிது. களைத்துப்போன நேரத்தில் 'இன்றைக்குப் படிப்பதா, வேண்டாமா' என்று மனசுக்குள் வழக்காட வேண்டியதில்லை. கோப்பை கீழே இறங்கினால் கொப்பி மேலே வரும், அவ்வளவுதான்.

தடைக்கும் ஒரு வசனம் எழுதி வையுங்கள்: "கடை பூட்ட எட்டு மணியானால், பஸ்ஸிலேயே பிழைத்த கணக்குகளை எழுதிவைத்த கொப்பியில் இரண்டு பக்கம் பார்ப்பேன்."

இனிக் கணக்கு. வினாத்தாள் ஒன்று இரண்டு மணித்தியாலம்: முதற் பகுதியில் இரண்டு புள்ளி வீதம் 25 சிறு வினாக்கள், அடுத்ததில் பத்துப் புள்ளி வீதம் ஐந்து. வினாத்தாள் இரண்டு மூன்று மணித்தியாலம், அதற்கும் 100 புள்ளி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். எஸ் (சாதாரண சித்தி) எடுக்க 35, அதாவது 200க்கு 70. சிறு வினாக்களில் 17 சரி என்றால் 34. இரண்டாம் பகுதியில் அங்கங்கே பொறுக்கி 12. மிச்சம் 24 வினாத்தாள் இரண்டில் வரவேண்டும், அது இரண்டரைக் கணக்கின் புள்ளி. 'கணிதம் பாஸ் பண்ண வேண்டும்' என்றால் மலை மாதிரி இருக்கிறது. 'சிறு வினாவில் 17' என்றால் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனாலும் 35ஐயே குறிவைக்காதீர்கள். பரீட்சை மண்டபப் பதற்றத்தில் ஐந்தாறு புள்ளி கரையும். வீட்டில் 50 வாங்கப் பழகுங்கள்.

கிழமை நாட்களில் தினம் மூன்று சிறு வினா. லீவு நாளில் ஒரு முழுப் பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து. சிறு வினாப் பகுதிக்கு 45 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பிழைத்த கணக்கைத் தனிக் கொப்பியில், இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் செய்கை என்று எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று கிழமை கழித்து, வலது பக்கத்தை மறைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: செய்கையை வாசிக்கிறார்கள், 'விளங்குது' என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். பிறர் செய்த கணக்கு எப்போதும் விளங்கத்தான் செய்யும்.

கேள்வி: 2 மாதத்துக்கு முன் வெற்றிலை, புகையிலை போடுவதை விட்டேன். 21 நாள் தாண்டினால் பழக்கம் போய்விடும் என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். 22ஆம் நாள் கவாத்து மலையில் கூட்டாளி நீட்டினான், போட்டுவிட்டேன். இப்போது முன்னையைவிடக் கூட. – பொகவந்தலாவை வாசகர்

பதில்: 21 நாளை முதலில் மறந்துவிடுங்கள். அந்த எண்ணிக்கை 1960இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் தன் நோயாளிகளைப் பார்த்துச் சொன்னதிலிருந்து வந்தது. அவர் சொன்னது 'குறைந்தது 21 நாள்' என்று. வாய்க்கு வாய் போனதில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. இலண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் அச்சிட்ட ஆய்வில், ஒரு புதுக் காரியம் தானாக நடக்கிற அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 நாள் என்று கணிப்பு. அவர்கள் பார்த்ததும் பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற புதுப் பழக்கங்களைத்தான். பழையதை விடுவது வேறு வேலை, அதுவும் புகையிலை சேர்ந்தால் இன்னும் வேறு.

புகையிலையில் நிக்கொட்டின் இருக்கிறது. விட்டதும் முதல் மூன்று நாள் எரிச்சல், தலையிடி, தூக்கமின்மை உச்சத்துக்குப் போகும். இரண்டு முதல் நாலு கிழமையில் பெரும்பாலும் அடங்கும். ஆகவே 22ஆம் நாள் உங்களை விழுத்தியது உடம்பாக இருக்கச் சாத்தியம் குறைவு. விழுத்தியது அந்த இடமும் அந்தக் கையும். இரண்டு நாளைக்கு ஒரு துண்டுக் கடதாசியில், எப்போது வாய் கேட்கிறது என்று மட்டும் குறியுங்கள்: காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கும்போதா, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகா, மழையில் நனைந்த பிறகா, கூட்டாளி பையைத் திறக்கும்போதா. பெரும்பாலும் நாலைந்து இடம்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் வாய்க்கு ஒரு மாற்று, வாயால் ஒரு சொல். தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு கராம்பு அல்லது சின்ன இஞ்சித் துண்டு, கூட்டாளி நீட்டினால் "வாய் புண்ணு, வேணாம்டா." 'விட்டுட்டேன்' என்று சொன்னால் அவன் வாதாட வருவான். புண் என்றால் பேச்சு முடிந்தது.

வெறும் பாக்கு போட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். புகையிலை இல்லாமலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, காரம் பட்டால் எரிவு, வாயை முன்போலத் திறக்க முடியாமை – இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் உடனே காட்டுங்கள். அதற்கு அட்டவணை போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

22ஆம் நாளில் ஒருமுறை போட்டது தோல்வி அல்ல. 'அதுதான் போட்டாச்சே' என்று 23ஆம் நாளும் போட்டதுதான் கெடுத்தது. அடுத்தமுறை சறுக்கினால், அன்றைக்கே பையில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தையல் மெஷின் வாங்கக் காசு சேர்க்கிறேன். சம்பள நாளில் கடைக்கணக்கை வெட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவதை உண்டியலில் போட்டாலும் பிள்ளைக்கு ஏதாவது என்று எடுத்துவிடுகிறேன். சீட்டுப் பிடிக்கவா? – மஸ்கெலியா, கொழுந்து பறிக்கும் வாசகி

பதில்: மிஞ்சினால் சேர்ப்பது என்றால் மிஞ்சவே மிஞ்சாது. மாதத்துக்கு இவ்வளவு என்று வைப்பதும் தோட்டத்துக்குச் சரிவராது, அக்கா. மாசி, பங்குனியில் வெயில் அடித்துக் கொழுந்து குறைந்தால் பேரும் (ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவும்) குறைகிறதே! ஆகவே கணக்கை மாதத்தில் வைக்காமல் பேரில் வையுங்கள். மெஷின் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (கடையில் சரியான விலையைக் கேட்டு எழுதுங்கள்.) ஒரு முழுப் பேருக்கு 150 ரூபாய், அரைப் பேருக்கு 75. அப்படியானால் மெஷினின் விலை 300 பேர். 20 பேர் விழுந்த மாதம் 3,000, 12 பேர் விழுந்த மாதம் 1,800. குறைந்த மாதத்திலும் நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை, மனசும் விடாது. கலண்டரில் பேர் விழுந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். 300 கோடு சேர்ந்தால் மெஷின்.

சம்பளம் கைக்கு வந்ததும், கடைக்குப் போகுமுன் தபாற்கந்தோர். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் அங்கேயே போடலாம். உண்டியல் வீட்டில் இருந்தால் கை போகும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும் என்றால் பாதிச் செலவு தானே அடங்கிவிடும். தீபாவளி முற்பணம் வெட்டுகிற மாதங்களில் பேருக்கு 100 ஆகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

சீட்டு: 15 ஆட்கள், ஆளுக்கு மாதம் 3,000 என்றால் உங்களுக்கும் 45,000 கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்பாரே என்ற வெட்கம் நம்மைக் கட்ட வைக்கும், அது அதன் பலம். ஆனால் பேர் குறைந்த மாதமும் 3,000 கட்டத்தான் வேண்டும்; கடன் வாங்கிச் சீட்டுக் கட்டுவது அங்கேதான் தொடங்குகிறது. முதல் ஐந்து முறைக்குள் எடுக்கலாம், பிடிப்பவரும் நன்கு தெரிந்தவர் என்றால் சேருங்கள், மெஷின் உழைத்து மிச்சத்தைக் கட்டும். கடைசி முறை என்றால் வட்டியில்லாமல் 14 ஆட்களுக்குக் கடன் கொடுக்கிறீர்கள். அதற்குத் தபாற்கந்தோரே மேல்.

கேள்வி: உயர்தரம் கலைப்பிரிவு. ஒரே காம்பராவில் ஆறு பேர். டீவி, தம்பிமார் சண்டை. அமைதி இல்லாமல் எப்படிப் படிப்பது? – தலவாக்கலை மாணவி

பதில்: நாள் முழுக்க அமைதி கேட்டால் வீட்டில் யாரும் தர முடியாது, தங்கச்சி. 45 நிமிடம் கேளுங்கள், எந்த 45 என்றும் சொல்லுங்கள். "அம்மா, நாடகம் முடிஞ்சதுல இருந்து முக்கால் மணித்தியாலம் டீவி வேணாம்" என்றால் அது கொடுக்கக்கூடிய ஒன்று. அந்த நேரத்தில் அமைதி இல்லாமல் முடியாத வேலையை மட்டும் செய்யுங்கள்: புதுப் பாடம் விளங்கிக்கொள்வது, கட்டுரை விடை எழுதுவது. சத்தத்திலும் முடிகிறவை வேறு: பல்தேர்வு வினா, குறிப்பைப் பிரதி பண்ணுவது, வரைபடம் குறிப்பது. அவற்றை இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அமைதி கிடைத்த நேரத்தைத் தலைப்புக்குக் கலர் அடிப்பதில் செலவழிப்பவர்கள் அதிகம்.

பாடசாலை விட்டதும் வகுப்பறையிலேயே அரை மணித்தியாலம் இருந்துவர அதிபரிடம் கேளுங்கள், தோழி ஒருத்தியோடு சேர்ந்து. பஸ் நேரத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனை 'கெட்டிக்காரன்' என்று புகழ்ந்தால் நன்றாகப் படிப்பானா? இலக்கை எல்லோரிடமும் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காவது செய்வான் என்கிறார் கணவர். – பண்டாரவளை வாசகி

பதில்: முதலாவதற்கு: குளோடியா மியூல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ கெட்டிக்காரன்' என்று கேட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும், 'நன்றாக முயன்றாய்' என்று கேட்டவர்களைவிட விரைவாகச் சோர்ந்தார்கள். இதை வைத்துப் பாடசாலைகளில் நடத்திய பெரிய ஆய்வுகளில் கிடைத்த பலன் சிறியதுதான், அதனால் சுவரில் வாசகம் ஒட்டுவதில் பெரிதாக ஒன்றும் ஆகாது. செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "அந்தக் கணக்கை அழிச்சு மூணாவது தடவை வேற வழியில செஞ்சியே, அது நல்லாருந்துச்சு."

இரண்டாவதற்கு: ஊருக்கெல்லாம் சொன்னால் கிடைக்கிற 'சபாஷ்' செய்து முடித்த திருப்தியை முன்கூட்டியே கொடுத்துவிடக்கூடும். ஒருவரிடம் சொன்னால் போதும், மகனுக்குப் பிடித்த மாமாவாக இருக்கட்டும். படித்த நாளுக்கு ஒரு கட்டத்தில் குறியிட்டு வரும் கிழமைத் தாளை ஞாயிறு இரவு படமெடுத்து அவன் அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவர் கேட்க மறந்தாலும் அனுப்பட்டும், பாதிக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிற கிழமையிலும்.