ஒலிம்பிக் குதிரைத் தாண்டலில் (வீரர் குதிரையேறித் தடைகளைத் தாண்டும் போட்டி) தடைக் கம்பைத் தொட்டாலே பெனால்டியா?

இல்லை. கம்பு ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றால் தண்டனை கிடையாது. விழுந்தால் 4 தண்டனைப் புள்ளி. ஒரே செங்குத்துத் தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கம்புகள் இருந்தால், மேல்கம்பு விழுந்தால்தான் கணக்கு. கம்பு ஆழமில்லாத தாங்கியில்தான் உட்கார்ந்திருக்கும், குளம்பு லேசாக உரசினாலே உருண்டுவிடும்.

பெரும்பாலும் கோளாறு தாண்டலில் இல்லை, அதற்கு முந்தைய காலடிகளில்தான். தடைக்கு மிக நெருங்கி எழும்பினால் முன்கால் தட்டும். வேகமாக வந்து உடலை வளைக்காமல் தட்டையாகப் பாய்ந்தால் பின்கால் இடிக்கும். 1.60 மீட்டர் உயரத்தில் இதைச் சமாளிக்க இடமே இல்லை.

குதிரை தாண்ட மறுத்தால், அந்த முதல் மறுப்புக்கும் 4 புள்ளிதான். இரண்டாவது மறுப்போ வீரர் விழுவதோ நேரடி வெளியேற்றம். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அணிக்கு மூவர் மட்டுமே, மூவரின் புள்ளியும் சேரும். முன்பு நால்வரில் மோசமானதைக் கழிக்கலாம். அந்தப் பாதுகாப்பை எடுத்தது குதிரைகளுக்குத்தான் கூடுதல் அழுத்தம்.