தூங்குங்கள், எஞ்சினை அணைத்துவிட்டு

கேள்வி: நெடுந்தூரம் ஓட்டும்போது கண் சொக்கினால் காரை ஓரங்கட்டி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை ஓடவிட்டுத் தூங்குவது என் வழக்கம். சொந்தக் காரில் தூங்குகிறவனைச் சட்டம் என்ன கேட்க முடியும்? ஏசி போட்டுத் தூங்கியவர் காருக்குள்ளேயே இறந்தார் என்று செய்திகள் வருகின்றனவே, நம்பலாமா? என் கார் புதுசு. சர்வீஸ் ஒன்றுகூடத் தவறியதில்லை.

பதில்: கண் சொக்கும்போது வண்டியை நிறுத்துகிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டியே ஊர் போய்ச் சேராதவர்கள் ஏராளம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருக்கு எப்படித் தடுமாறுமோ அந்த அளவுக்குத் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் அளந்தே காட்டினார்கள். பல நாடுகளில் ஓட்டுநருக்கான சட்ட வரம்பே அந்த 0.05தான். ஆகவே நிறுத்தித் தூங்குவதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறீர்களே, அதில்தான் வழக்கு.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். கார் உங்களுடையது, சரி. அது நிற்கிற இடம் உங்களுடையது இல்லையே. களைப்புத் தீரக் கண்ணயர்வதைப் பெரும்பாலான நாடுகள் தடுப்பதில்லை. நியூசிலாந்து இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது: கண்ட இடத்தில் முகாம் போடுவதைக் கட்டுப்படுத்தும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், ஓட்டுநர் களைப்பைத் தவிர்க்கச் சாலையோரம் வண்டிக்குள் தூங்குவதை முகாமாகக் கருதாது. ஜப்பானில் நெடுஞ்சாலையோர ஓய்வு நிலையங்களில் இரவு முழுக்க இலவசமாக வண்டி நிறுத்தலாம், கண்ணயரலாம்; அதையே தங்குமிடமாக்கிக்கொள்ளக் கூடாது. சட்டத்தின் கண் படுவது தூக்கத்தின் மீது இல்லை. எங்கே நிறுத்தினீர்கள், எவ்வளவு நேரம், எந்த நிலையில் இருந்தீர்கள், இவற்றைத்தான் அது பார்க்கிறது. தனியார் இடம், நிறுத்தத் தடை உள்ள இடம், விரைவுச்சாலையின் ஓரப்பட்டை, இங்கெல்லாம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதிலும் ஓரப்பட்டை உயிருக்கே ஆபத்து. பின்னால் வருகிற லாரிக்காரரும் உங்களைப் போலவே கண் சொக்கி வரலாம்.

வீடில்லாமல் காரிலேயே வாழ்பவர்களின் கதை வேறு, அதில் சட்டம் பலமுறை இரக்கமில்லாமல் நடந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வாகனத்தை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதற்கு 1983-இல் தடை போட்டது. எதைச் செய்தால் குற்றம் என்று சாதாரண மனிதனுக்கு விளங்காதபடி அந்தத் தடை இருக்கிறது என்று சொல்லி, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு வர 31 ஆண்டுகள் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு, ‘ஓட்டத்தானே கூடாது, படுத்துக்கொள்கிறேன்’ என்று காரில் ஏறுபவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, போதை வரம்பை மீறிய நிலையில் பொது இடத்தில் வண்டி உங்கள் பொறுப்பில் இருந்தாலே குற்றம்; ஓட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. போதை தெளியும்வரை ஓட்டியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் எந்த இருக்கையில் இருந்தார், சாவி எங்கே இருந்தது, எஞ்சின் ஓடியதா என்று பார்க்கிறார்கள். ஏசிக்காகத்தான் ஓடவிட்டேன் என்ற விளக்கம் அங்கே அதிகம் எடுபடாது.

இப்போது உங்கள் ஏசி. அந்தச் செய்திகளை நம்புங்கள். ஏசி காற்று விஷமில்லை. அதற்காக ஓடும் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடுதான் கொல்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று ஏதாவது எச்சரிக்கை கிடைக்கும். தூங்குபவருக்கு அதுவும் கிடைக்காது.

ஓடும்போது வராத புகை, நிற்கும்போது எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். ஓடுகிற கார் தன் புகையைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நிற்கிற காருக்கு அடியில் அது தேங்கும். புகைக்குழாயில் ஒரு விரிசல், டிக்கியின் ரப்பரில் ஒரு கிழிசல், தரைத்தகட்டில் ஒரு ஓட்டை இருந்தால் போதும். உள்காற்றையே சுழல விடும் பொத்தானை அழுத்தினாலும் கார் காற்றுப்புகாத பெட்டி ஆகிவிடாது. குழாயின் வாயைப் பனியோ சேறோ சுவரோ அடைத்தாலும், ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தாலும், புதுக் காரிலும் இதே கதிதான். புகைக்குழாயில் பொருத்தியிருக்கும் நல்ல கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) இந்த வாயுவைப் பெருமளவு குறைக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே குழாய் கசிந்தால் அதனால் என்ன பயன்? கசிவு சர்வீஸ் தேதி பார்த்து வருவதில்லை. ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சத்தமில்லாமல் நிற்கும்; பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகவே கிளம்பிவிடும். முழு மின்சார காருக்கு இந்த ஆபத்து இல்லை.

ஏசி இல்லாமல் வெக்கையில் எப்படித் தூங்குவது? நிழலில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், எதிரெதிர் கண்ணாடிகளை இறக்கி விடுங்கள். நிழல் இல்லையென்றால் காருக்குள் தூங்கவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் குறையாது. தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் காரிலேயே விட்டுப் போவதும் இதனால்தான் கூடவே கூடாது. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள ஓய்வு நிலையமே நல்ல இடம். கதவைப் பூட்டுங்கள், பையைக் கண்ணில் படாமல் வையுங்கள்.

எவ்வளவு நேரம்? 20 நிமிடம் போதும். எழுந்ததும் வண்டியைக் கிளப்பாதீர்கள். மூளை முழுதாக விழிக்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும். இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தே தூங்கினால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். 2004-இல் ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகு, வீட்டுக்குள் போகப் பயந்து காரில் தூங்கியவர்கள் சிலர் இப்படித்தான் இறந்தார்கள். இரண்டு முறை கண்ணயர்ந்தும் சொக்கல் தீரவில்லை என்றால், அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. அறை எடுங்கள், இல்லையென்றால் ஸ்டீரிங்கைக் கூட வருபவரிடம் கொடுங்கள்.