இறங்கினாரா, இறக்கினார்களா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சென்ற மாதம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவன், ‘நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது’ என்று வாசித்தான். அது வாட்ஸ்அப் வதந்தி என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. மாலையில் அவன் அப்பா போன் செய்து, ‘பாடத்தை மட்டும் நடத்துங்க டீச்சர், அரசியல் எதுக்கு?’ என்றார். தலைமை ஆசிரியையோ, ‘முதல்ல சிலபஸை முடிக்கிற வழியைப் பாரும்மா’ என்கிறார். எதைப் படித்தாலும் கேள்வி கேட்டுப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்க ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள், வாட்ஸ்அப்பிலிருந்து மட்டும் வேண்டாம். அந்தச் செய்தி பையனுக்கு யுனெஸ்கோவிடமிருந்து வரவில்லை. அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வந்திருக்கும். அதைப் பொய் என்று கூட்டத்தில் சொன்னால் அவன் காதில் ‘உங்கப்பா பொய் சொல்றார்’ என்றுதான் விழும். போன் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வதந்தி சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் மாவட்டத்துக்காரரிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி தேடி வந்த 65 வயதுப் பெண்மணியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் அதே 2018இல் கலெக்டரே முன்னின்று, ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளைத் தொடங்கினார். நல்ல முயற்சி. ஆனால் அது பாதிக் கிணறுதான். மெய்யா பொய்யா என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எழுத்துக்கு எழுத்து உண்மையான செய்தி கூட யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்து நிற்கும். பிள்ளைகள் பார்க்கப் பழக வேண்டியது அந்தச் சாய்வை.

அதற்குத் தமிழாசிரியரைவிடத் தோதான ஆள் பள்ளியில் யாரும் கிடையாது. ஒரு தலைப்புச் செய்தியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: ‘கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி பலி.’ ஆண்டுக்குப் பல முறை செய்தித்தாளில் வருகிற வரி. இதில் பொய் ஒன்றுமில்லை. இப்போது இலக்கணம் கேளுங்கள்: இறங்கிய என்பது தன்வினையா, பிறவினையா? தன்வினை என்பார்கள். பிறவினையாக மாற்றச் சொல்லுங்கள். ‘இறக்கிய’ என்று எழுதியவுடனே வாக்கியம் எழுவாய் கேட்கும். தொழிலாளியை இறக்கியது யார்? வீட்டுக்காரரா, ஒப்பந்தக்காரரா, நகராட்சியா? பெயர் போடாமல் இனி அந்த வாக்கியத்தை முடிக்கவே முடியாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இறங்கிய’ என்று அச்சடித்தவர் பொய் எழுதவில்லை. குற்றவாளியை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். எல்லாரும் அப்படி எழுதுவதால் கை தானாக எழுதியிருக்கும். அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் பத்திரிகைக்காரர்கள் எல்லாருமே சதிகாரர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த நாள் செயப்பாட்டுவினை. ‘ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன’ என்பதைச் செய்வினையாக்கச் சொல்லுங்கள். பிறகு, அந்த இடத்தில் குடியிருந்தவர் அதே செய்தியைத் தன் அக்காவுக்கு எப்படிச் சொல்வார் என்று எழுதச் சொல்லுங்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லே அதில் வராது. ‘வீடு’ என்றுதான் வரும்.

இந்த வழி புதிதல்ல. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் பாவ்லோ ஃபிரேய்ரே என்ற கல்வியாளர் 300 கூலித் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொற்களையே எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவைத்து, பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்தார். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. நம் ஊரில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் வேலை செய்த மூத்த ஆசிரியர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் விசாரியுங்கள். ஃபிரேய்ரே பெயரைக் கேட்டதும் அரை நாள் பேசுவார்.

விளையாட்டாக ஒன்று வேண்டுமென்றால், பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்கிற மாம்பழ பானப் பெட்டியை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள். முன்பக்கம் மாம்பழம் சாறு சொட்டும். பின்பக்கம் பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் எது இருக்கிறது என்று அவர்களே வாசிக்கட்டும், பெரும்பாலும் தண்ணீர். இதில் யாரும் அரசியல் கண்டுபிடிக்க முடியாது. பெற்றோர் கூட்டத்திலும் செய்துகாட்டலாம்.

அப்புறம் பாடநூல். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேள்வி கேட்டால் பிள்ளைகள் உங்களை நம்ப மாட்டார்கள். படங்களில் அடுப்படியில் யார், நாற்காலியில் யார் என்று எண்ணச் சொல்லுங்கள். கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். அது நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்டாலே ஒரு பீரியடு ஓடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மாதத்தில் எவனாவது எழுந்து, ‘அப்ப எல்லாமே பொய்தானா டீச்சர்?’ என்பான். எதையும் நம்பாதவனும் எல்லாவற்றையும் நம்புகிறவனைப் போலத்தான், சரிபார்க்கிற வேலையைச் செய்வதில்லை. அவனிடம் ஆதாரம் கேளுங்கள். ‘நீங்க சொல்றது மட்டும் சரியா?’ என்று உங்களையே கேட்டால் கோபப்படாதீர்கள். எங்கே படித்தீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த பீரியடில் அதைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஹைடெக் லேபில் உட்காரவைத்து, அப்படி ஒரு விருது உண்டா என்று அவனே தேடட்டும். யுனெஸ்கோ எந்த நாட்டுக் கீதத்துக்கும் இப்படிப் பட்டம் தருவதில்லை. தேடிக் கண்டுபிடித்ததை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். அப்பாவுக்கு நீங்களே போன் போட்டு, பையன் நன்றாக வாசித்தான் என்று முதலில் சொல்லுங்கள். நன்றாகத்தானே வாசித்தான்.

தலைமை ஆசிரியையிடம் தனியாக அனுமதி கேட்கப் போகாதீர்கள். கேட்டால் ‘வேண்டாம்’ என்பதுதான் அவருக்குச் சுலபமான பதில். பாடக்குறிப்பில் ‘தன்வினை, பிறவினை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நடத்தப்போவதும் அதைத்தான்.