மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தத்தெடுக்கிறோம்... வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது, கணவருக்கு 39. அவர் சம்பளம் 52,000. தனியார் பள்ளி ஆசிரியையான எனக்கு 33,000. வீட்டுக்கடன் தவணை 21,000, வீட்டுச் செலவு 38,000. வங்கியில் 9 லட்சம் டெபாசிட் இருக்கிறது. 8 வயதில் ஒரு மகள். மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா மூலம் மூளை முடக்குவாதம் உள்ள 4 வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கப்போகிறோம். தெரபிக்கு மாதம் 12,000 ஆகுமாம். நான் வேலையை விட்டுவிட்டு, அந்த 9 லட்சத்தைக் குழந்தை பெயரில் போட்டுவைக்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: குழந்தை வரும் முன்பே கணக்குப் போட உட்கார்ந்திருக்கிறீர்கள், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம்.

முதலில் வேலை. இன்று மாதம் 26,000 மிஞ்சுகிறது. உங்கள் சம்பளம் நின்றால் 7,000 துண்டு விழும், தெரபியோடு 19,000. டெபாசிட்டிலிருந்து எடுத்தால் நான்கு வருடத்தில் தீரும். வட்டியைச் சேர்த்தால் சில மாதம் கூடுதலாக ஓடும். அவளுக்குத் தெரபி அதிகம் பலன் தரும் வயதிலேயே கை வறண்டுவிடும். தெரபியைவிடப் பெரிய செலவு உங்கள் சம்பளம் நிற்பதுதான். அதற்காக வந்த மறுநாளே பள்ளிக்குக் கிளம்பச் சொல்லவில்லை. புது வீட்டில் அவளுக்கு அம்மா பக்கத்தில் வேண்டும். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்புக் கேளுங்கள். 1.14 லட்சம் போகும், தாராளமாகச் செலவழியுங்கள்.

அடுத்து, டெபாசிட். மூளை முடக்குவாதம் என்றாலே அறிவு வளர்ச்சி குறையும் என்றில்லை. அவள் படித்துச் சம்பாதிக்கலாம், ஆயுள் முழுக்கத் துணை தேவைப்படவும் செய்யலாம். பணம் அவள் பெயரில் இருந்து, 18 வயதில் அவளால் கையாள முடியாமல் போனால், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். எனவே பணம் உங்கள் பெயரிலேயே, எடுக்க வசதியாக இருக்கட்டும்.

அவளுக்காக இப்போதே செய்ய வேண்டியது, நீங்கள் இல்லாமல்போனால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்ஷூரன்ஸ். கணவருக்கு 1 கோடி, உங்களுக்கு 50 லட்சம். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அவள் வந்தவுடன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடிக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் வரை கிடைக்கும், தெரபி செலவும் அதில் அடங்கும். கணவர் அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதிலும் அவளைச் சேர்த்துவிடுங்கள். தெரபியைப் பொறுத்தவரை அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கான 80டிடி வருமான வரிச்சலுகை பற்றிப் பலர் சொல்வார்கள். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம், உயில். கலெக்டரின் தத்து உத்தரவு வந்ததும் சட்டப்படி அவள் உங்கள் பிள்ளை. மூத்தவளுக்குள்ள உரிமை முழுதும் அவளுக்கும் உண்டு. ஆனால் "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று எழுதிவைக்காதீர்கள். மூத்தவளுக்கு எட்டு வயதுதான் ஆகிறது. இப்போதைக்கு நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரிடம் பேசிக் காப்பாளராக அவர் பெயரைப் போடுங்கள். மூத்தவள் வளர்ந்த பிறகு அவளிடமே கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.