பழைய சேலை வேண்டாம், அம்மா

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். டித்வா புயலில் இலங்கை மலையகத்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து, எங்கள் கோயில் மகளிர் குழு துணிமணி, பாத்திரம், மீஹூன், பிஸ்கட் என்று 140 பெட்டி சேர்த்து வைத்திருக்கிறோம். கொண்டெய்னர் கூலிக்கும் வசூல் நடக்கிறது. சென்ற இதழில் நீங்கள் "துணி அனுப்பாதீர்கள், பணம் அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எங்கள் பெண்கள் மனம் நொந்து போனார்கள். பணம் கொடுத்தால் அது யார் கைக்குப் போகிறதென்று தெரியவா போகிறது? பொருள் என்றால் கண்ணால் பார்த்துக் கொடுக்கலாம். இல்லாதவர்களுக்குப் பழைய சேலையும் பெரிதுதானே?
— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, ஒரே வரியில் எழுதியது என் தவறு. மூன்று வாரம் உட்கார்ந்து மடித்து அடுக்கிய கைகளுக்கு அந்த ஒரு வரி போதாது. ஆனால் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஏன் என்று இம்முறை விளக்கமாகவே சொல்கிறேன்.

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நேற்று வரை தன் உழைப்பில் வாங்கிய சேலையைக் கட்டியவள், வீடு இடிந்ததால் இன்று பிறர் கழித்த சேலைக்கு ஏங்குகிறவள் ஆகிவிடுவாளா? அவள் இழந்தது வீட்டை. தனக்கு எது வேண்டும் என்று சொல்லும் வாயை அவள் இழக்கவில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில். 2021 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் நாங்கள் சிலர் ஒரு லோரியில் துணி ஏற்றிக்கொண்டு போனோம். சேற்றுக்கு நடுவில் நின்ற ஒரு பெண் சொன்னார்: "அண்ணே, துணி மலையா குவிஞ்சிருச்சு. இந்தச் சேத்தத் தள்ள வாட்டர் ஜெட் இருக்கா? பொம்பளப் புள்ளைங்களுக்கு உள்ளாடை, நாப்கின் இருக்கா?" எங்கள் லோரியில் கல்யாணப் பட்டும் கோட்டும் இருந்தன. அவர் கேட்டது ஒன்றுகூட இல்லை. பிறகு அரசாங்கத்தின் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வாங் இஹ்சான் உதவித்தொகை வந்தது. ஒரு வீட்டில் அடுப்பும் தோத்தோ மெத்தையும் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்தார். இன்னொரு வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாமான். ஒரே தெரு, ஒரே வெள்ளம், வீட்டுக்கு வீடு தேவை வேறு. எந்தப் பெட்டியிலும் இதை முன்கூட்டி அடைத்து அனுப்ப முடியாது.

2004 சுனாமியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்து ஃபெரிங்கி, பாசிர் பாஞ்சாங் கரைகளில் நம் பினாங்கும் உயிர்களைக் கொடுத்தது. அதே அலை நாகப்பட்டினத்தில் அழித்தது வீடும் படகும் வலையும். வெளியூர்களிலிருந்து வந்து குவிந்ததோ துணி. மீனவப் பெண்கள் அதைத் தொட மறுத்தார்கள். சாலையோரத்தில் மழையில் நனைந்து மக்கியது. அப்படித் தேங்கிய துணியில் ஒரு பெரும் பகுதியை டில்லியின் கூஞ்ச் அமைப்பு எடுத்துத் தரம் பிரித்து, பருத்தித் துணிகளைப் பெண்களின் மாதவிடாய்த் துணியாகத் தைத்துப் பயன்படுத்தியது. அப்படி ஒரு தேவை பெண்களுக்கு இருக்கிறது என்று துணி அனுப்பியவர்கள் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, பாருங்கள். படகு கொடுத்தவர்களும் கேட்டுக் கொடுக்கவில்லை. இலங்கையின் சில கரைகளில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்து இறங்கின; அவற்றில் பல கடலுக்கு ஆகாதவை.

இலங்கை உலகத்துக்கே ஆடை தைத்து விற்கும் நாடு. தொழிற்சாலை ஏற்றுமதியில் அங்கே முதலிடம் ஆடைக்குத்தான். அந்த நாட்டுக்கு பினாங்குத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சேலை அனுப்புகிறோம். கொழும்பில் சுங்கத்துறையிடமிருந்து மீட்க ஓர் ஆள் அலைய வேண்டும். தாமதமானால் துறைமுக வாடகை ஏறும். பிறகு கிடங்கு, பிரித்து அடுக்கும் வேலை, மண்சரிந்த பாதையில் மலையகத்துப் பதுளைக்கு லோரி. இந்தச் செலவையும் அந்த ஆளின் நேரத்தையும் யாரிடமிருந்து எடுக்கிறோம்? அதே பணம் பதுளைக் கடைத்தெருவில் செலவானால், புயலில் நொடித்த கடைக்காரரும் அல்லவா எழுந்திருப்பார்?

யார் கைக்குப் போகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தனி ஆளின் பேங்க் கணக்கில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். சங்கப் பதிவு இருக்கிறதா, கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, வருமான வரிச் சட்டம் 44(6)இன் கீழ் வரிவிலக்கு ரசீது தருவார்களா, சென்ற ஆண்டின் தணிக்கைக் கணக்கைக் காட்டுவார்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நீங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் தேவை. கொண்டெய்னர் வசூலுக்கு அதை எடுத்தீர்களா?

இனி என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். டித்வா 2025 நவம்பர் இறுதியில் அடித்தது; 600 பேருக்கு மேல் இறந்தார்கள். சோறும் துணியும் முதல் இரண்டு வாரத்தின் பிரச்சினை. அதற்குப் பிறகு வருவது நிலத்தின் பிரச்சினை. மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாங்கள் வாழும் லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) மீது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கிடையாது. நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பெனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. மண் சரிந்து லயம் புதைந்தால், அதே இடத்திலோ பாதுகாப்பான வேறிடத்திலோ ஒரு செங்கல் வைக்கக்கூட அவர் பிறரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று இலங்கை அரசின் தேசியக் கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறு நிலம் இருந்தால்தானே போவார்கள்? தப்பியவர்களில் பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அடைந்து கிடந்தன. 75 வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டில் எத்தனை கொண்டெய்னர் போனது என்று நான் கேட்கவில்லை. நாம் எத்தனை பேர் அவர்களை நினைத்துக்கொண்டிருந்தோம் என்றுதான் கேட்கிறேன். நானும் மறந்தவர்களில் ஒருவன்.

போருக்குப் பின் வடக்கிலும் இதே பாடம். 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியவர்களுக்குக் கூரையில்லாத சுவரும் மிதிவெடி புதைந்த வயலும் மிச்சம். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடகிழக்கில் பெரும்பாலான வீடுகளை உரியவர்களே கட்டினார்கள்: ஒரு வீட்டுக்கு 5.5 இலட்சம் இலங்கை ரூபாய், அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத் தவணையாகப் பணம். குறை இல்லாமல் இல்லை. மணலும் சிமெண்டும் விலையேறி, கணவனை இழந்த பல பெண்கள் கடனில் விழுந்தார்கள். ஆனாலும் சமையலறை எந்தப் பக்கம், வாசல் எந்தத் திசை என்று முடிவு செய்தவர் அந்த வீட்டுக்காரி. பிறகு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. அந்த வெயிலில் இரும்புக்குள் எப்படி இருப்பது, பின்னால் ஓர் அறை சேர்க்க முடியுமா, இந்த விலைக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று மக்களும் பொறியாளர்களும் எதிர்த்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வீடே இல்லாதவர்கள் வீட்டை வேண்டாம் என்றார்கள், அம்மா. அவர்களுக்கு நன்றி கெட்டவர்கள் என்ற பெயரும் வந்தது.

நமக்கு இது புரியாத கதையா? இங்கே மலேசியாவில் தோட்டம் கைமாறியதும் வேலையோடு வீடும் போய், நெடுஞ்சாலை ஓரத்துப் புறம்போக்கில் குடியேறிய குடும்பங்கள் நம் உறவினர்கள்தாம். 2009இல் குளுகோரில் கம்போங் புவா பாலா இடிபட்டபோது நீங்கள் பினாங்குக்காரர், பார்த்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த மண், காகிதத்தில் வேறொருவர் பெயரில் இருந்தது. அன்று அந்த மக்களுக்கு யாராவது பழைய சேலை கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது அந்த 140 பெட்டி. வீணாக்க வேண்டாம். மீஹூனையும் பிஸ்கட்டையும் தேதி பார்த்து, செபராங் பிறையிலேயே தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுங்கள். துணியையும் பாத்திரத்தையும் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு வையுங்கள். நல்ல சேலைக்கு 10 வெள்ளி கொடுக்க ஆளிருக்கிறது. அந்தத் தொகையோடு கொண்டெய்னர் கூலிக்குச் சேர்ந்த பணத்தையும் சேர்க்கலாம். கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு, சம்மதிக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு.

அத்தோடு நிறுத்தாதீர்கள். உங்கள் குழுவில் 30 பெண்கள் இருந்தால், ஆளுக்கு மாதம் 10 வெள்ளி, இரண்டு ஆண்டுக்கு 7,200 வெள்ளி. பதுளையிலோ நுவரெலியாவிலோ தோட்ட மக்களோடு ஏற்கெனவே வேலை செய்துவரும் ஒரு பதிவு பெற்ற அமைப்பின் வழியாக ஒரே ஒரு லயத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள பெண்களிடம் போனில் பேசுங்கள். நம் மொழிதானே அவர்களுக்கும். என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மாதம் பிள்ளைகளின் பஸ் கட்டணம் என்பார்கள், ஒரு மாதம் காணி உறுதிக்கு மனு எழுத வக்கீல் செலவு என்பார்கள். பாத்திரம் என்றாலும் சரி, அங்கேயே வாங்கட்டும்.

பணம் எங்கே போகிறது என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஆனது ஒன்று: உங்கள் குழுவின் வரவு செலவை மாதாமாதம் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுகிறேன், கடைசிச் சல்லி வரை. விற்பனை முடிந்த வாரமே முதல் கணக்கை அனுப்புங்கள். என் பங்கு 10 வெள்ளியையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.