பதில்: ஜெர்மன் படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை

வணக்கம் நண்பரே. எட்டு மாதமாகச் செயலியில் ஜெர்மன் படிக்கிறீர்கள், எழுத்தில் பார்த்தால் புரிகிறது, ஆள் பேசினால் ஒன்றுமே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். உங்கள் கண் பழகிவிட்டது, காது இன்னும் பழகவில்லை.

நாமே 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுவதை 'வந்துட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? அங்கேயும் அப்படித்தான். 'ஹாபென் வியர்' என்று படித்தது பேச்சில் 'ஹாம் வியர்' ஆகிவிடும். தெரிந்த சொல்லே அடையாளம் தெரியாமல் ஓடிவிடும்.

ஆன்கி அட்டைகள் (சொற்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து நினைவில் வைக்க உதவும் செயலியின் இருபக்க அட்டைகள்) வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றின் முன்பக்கத்தில் எழுத்தை எடுத்துவிட்டு ஒலியை மட்டும் வையுங்கள். தனிச்சொல் வேண்டாம், சின்ன வாக்கியமாக இருக்கட்டும். எழுத்தும் பொருளும் பின்பக்கம் போகட்டும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது கேட்டு எழுதும் பயிற்சிதான். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல (Deutsche Welle) தளத்தில் மெதுவாக வாசிக்கும் செய்திகள் எழுத்து வடிவத்தோடு கிடைக்கும். 30 வினாடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல், கேட்டதை அப்படியே நோட்டில் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். விட்டுப்போன சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்த இடத்தை மட்டும் நாலைந்து முறை திரும்பக் கேளுங்கள். பிறகு கூடவே வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்து பாருங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

யூடியூப் என்றால் முதலில் 0.75 வேகம் போதும். ஆனால் ஒவ்வொரு துண்டையும் இயல்பான வேகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டே முடியுங்கள். தானாக வரும் வசனவரிகளில் பிழை இருக்கும், ஆள் தட்டச்சு செய்ததாகப் பார்த்து எடுங்கள்.

எந்த இடத்தில் அதிகம் தடுக்குகிறது என்று இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.